மருந்தேற்றிய மரம்: சொண்டி காமேசத்தின் ஆராய்ச்சி

சொண்டி காமேசம் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் மரப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றிய அறிவியலாளர். செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் சேர்மங்களைத் தண்ணீரில் கரைத்து மரத்துக்குள் செலுத்தினால், அவை மரத்தோடு பிணைந்து மழையிலும் மண் ஈரத்திலும் கரையாமல் நின்றுவிடும் என்பதை 1933-இல் அவர் நிறுவினார். அந்தக் கலவைக்கு 'ஆஸ்கு' என்று பெயர். ஆர்செனிக்கின் வேதிக் குறியான 'ஆஸ்', செம்பின் குறியான 'கு' இரண்டையும் சேர்த்து உண்டான பெயர் அது. பிற்காலத்தில் உலகம் முழுவதும் 'சிசிஏ' என்று அறியப்பட்ட இந்த மருந்து, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் மின்கம்பங்களையும் வேலிக்கால்களையும் துறைமுகத் தூண்களையும் வீட்டுத் தாழ்வாரங்களையும் காத்து நின்றது. இந்திய ஆய்வகம் ஒன்றில் பிறந்து உலகத் தொழிலாகவே மாறிய வேதிக் கண்டுபிடிப்புகள் மிகச் சில. அவற்றில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. ஆனால் கண்டுபிடித்தவரின் பெயரை மரத்தொழிலில் இருப்பவர்களில்கூடப் பலர் கேட்டதில்லை.

மரம் தானாகப் பழுதாவதில்லை. அதைத் தின்பவை உண்டு. பூஞ்சைகள் மரத்தின் செல்லுலோசையும் லிக்னினையும் செரித்து அதை மக்கச் செய்கின்றன. கறையான் மண்வழியாக ஏறி உள்ளே குடைகிறது. வண்டின் புழு துளையிட்டு மாவாக உதிர்க்கிறது. கடல்நீரில் கப்பல்புழு எனப்படும் மெல்லுடலி தேன்கூடுபோல் அரித்துவிடுகிறது. முற்றிய மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில் இவற்றுக்கு ஒவ்வாத இயற்கைப் பொருள்கள் சேர்ந்திருப்பதால், தேக்கு, தேவதாரு, சால் போன்ற மரங்களின் வைரம் பல ஆண்டு தாங்கும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறுக்கு எந்த மரத்திலும் அந்தக் காப்பு கிடையாது. நாட்டுப்புறத்தில் வேலிக்கால் நடுபவர்கள் அடிப்பகுதியைத் தீயில் கருக்குவதும் தார் பூசுவதும் இதனால்தான். கம்பம் எப்போதும் தரைமட்டத்தில்தான் முதலில் இற்றுப்போகும். ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பது அந்த ஓரடி உயரத்தில்தான். அதற்கு மேலே உலர்ந்துவிடும், கீழே ஆழத்தில் காற்று போதாது.

தொழில்முறையில் மரத்துக்கு மருந்தேற்றும் வழிகள் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றின. கையான் என்பவர் 1832-இல் பாதரசக் குளோரைடையும், பர்னெட் 1838-இல் துத்தநாகக் குளோரைடையும் பயன்படுத்தினர். பிரான்சில் பூச்சேரி என்ற மருத்துவர், புதிதாக வெட்டிய மரத்தின் சாற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் மயில்துத்தம் எனப்படும் செம்புச் சல்பேட்டின் கரைசல் புகும்படி செய்தார். இவை எல்லாவற்றையும்விட நிலைத்தது ஜான் பெத்தெல் 1838-இல் காப்புரிமை பெற்ற முறைதான். மூடிய இரும்பு உருளைக்குள் மரத்தை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரியோசோட்டு எண்ணெயை அழுத்தத்தில் உள்ளே ஏற்றினார் அவர். ரயில் உலகெங்கும் பரவியதற்கு இந்த உருளையும் ஒரு காரணம்.

இந்தியாவில் இந்தத் துறையை வளர்த்ததும் ரயில்தான். தொடக்க காலத்தில் கிரியோசோட்டு ஏற்றிய பைன் சிலீப்பர் கட்டைகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. கூடவே சால், தேவதாரு, தேக்கு மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டன. தண்டவாளம் நீள நீள நல்ல மரம் அருகியது. இமயமலைச் சரிவுகளில் சிர் பைன் மிகுதியாக இருந்தும், அதை அப்படியே தரையில் போட்டால் சில ஆண்டுகளில் மக்கியது. மலிவான மரத்தை மருந்தால் நீடிக்கச் செய்ய முடியுமா என்பதே அப்போது வனத்துறையின் முன் நின்ற கேள்வி.

டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் 1906-இல் தொடங்கப்பட்டது. அங்கே வனப் பொருளியல் அதிகாரியாக இருந்த ரால்ஃப் பியர்சன், இந்திய மரங்களுக்கு மருந்தேற்றும் சோதனைகளைத் தொடங்கி, 1912-இல் அது பற்றி விரிவான குறிப்பு ஒன்றை வெளியிட்டார். பின்னர் அவர் பிரிட்டனுக்குத் திரும்பி அங்குள்ள வனப்பொருள் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். பஞ்சாபில் தில்வான் என்னுமிடத்தில் 1920-களில் ரயில்வேக்காகக் கிரியோசோட்டு ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. வன ஆராய்ச்சி நிறுவனத்தின் இன்றைய பெருங்கட்டடம் 1929-இல் திறக்கப்பட்டது. காமேசத்தின் முக்கியமான பணிகள் இந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தவை.

மரப் பாதுகாப்பு ஆய்வில் பரபரப்பாக எதுவும் நடப்பதில்லை. ஒரே அளவில் அறுத்த முளைக்குச்சிகளுக்கு வெவ்வேறு மருந்துகளை வெவ்வேறு அளவில் ஏற்றி, எண் பொறித்த தகடு அடித்து, கறையான் நிறைந்த நிலத்தில் வரிசை வரிசையாகப் பாதியளவு புதைப்பார்கள். மருந்தேற்றாத குச்சிகளும் ஒப்புநோக்க அவற்றின் அருகிலேயே நிற்கும். பார்ப்பதற்குக் கல்லறைகள் வரிசையாக நிற்பதுபோல் இருப்பதால் இதற்கு இடுகாட்டுச் சோதனை என்றே பெயர். குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, தரைமட்டத்தில் கத்தி முனையால் கீறிப் பார்த்து, எவ்வளவு அரிக்கப்பட்டது என்று மதிப்பெண் இடுவார்கள். மருந்தில்லாத மென்மரம் சில மாதங்களிலேயே கையோடு உடைந்து வரும். மருந்தேற்றியவற்றில் சில பத்து, இருபது ஆண்டு நிற்கும். தான் நட்ட குச்சியின் முடிவைக் காணாமலே ஆய்வாளர் ஓய்வு பெற்றுவிடுவதும் இத்துறையில் வழக்கமே. சந்தைக்கு வந்த மருந்துகளை எப்படிச் சோதித்துத் தேர்வது என்பது குறித்துக் காமேசம் எழுதிய அறிக்கையை நிறுவனம் வெளியிட்டது.

கிரியோசோட்டு நல்ல மருந்துதான். ஆனால் அதற்குப் பல சங்கடங்கள் இருந்தன. எண்ணெயாகவே வண்டிகளில் ஏற்றிச் செல்ல வேண்டும், சூடாக்கித்தான் உள்ளே செலுத்த முடியும். வெயிலில் மரத்திலிருந்து கசிந்து ஆடையில் ஒட்டும், நாற்றம் போகாது, மேலே வண்ணம் பூச முடியாது. தண்ணீரில் கரையும் உப்பு என்றால் இந்தத் தொல்லைகள் இல்லை. மூட்டையில் கட்டி எந்த மலைக்கும் கொண்டுபோய், அங்கே கிடைக்கும் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். ஆனால் கரைந்து உள்ளே போனது மழையில் கரைந்தே வெளியேறிவிடும். மயில்துத்தமும் துத்தநாக உப்பும் பட்ட பாடு இதுதான். தண்ணீரில் கரைய வேண்டும், மரத்துக்குள் போனபின் கரையவே கூடாது. இந்த முரணை அவிழ்ப்பதுதான் அன்றைய மரப் பாதுகாப்பு வேதியியலின் மையச் சிக்கல்.

விடைக்கான திறவுகோல் வேறொரு தேவையிலிருந்து வந்தது. ஜெர்மனியில் வோல்மன் உப்புகள் எனப்பட்ட மருந்துகள் இரும்பு உருளைகளை அரித்தன. அரிப்பைத் தடுக்க அவற்றில் டைகுரோமேட்டு என்ற குரோமியச் சேர்மத்தைச் சேர்த்தார்கள். உருளைகள் தப்பின. கூடவே, குரோமியம் சேர்ந்த மருந்து மரத்திலிருந்து முன்பைவிடக் குறைவாகக் கசிவதும் தெரியவந்தது. ஸ்காட்லாந்தில் கன் என்பவர் 1926-இல் மயில்துத்தத்தோடு டைகுரோமேட்டைச் சேர்த்து 'செல்க்யூர்' என்ற மருந்தை உருவாக்கினார். அதில் செம்பு நன்றாகவே மரத்தில் நிலைத்தது. ஆனால் செம்பைத் தாங்கும் சில பூஞ்சைகள் உண்டு, பூச்சிகளை அடக்கவும் செம்பு மட்டும் போதாது.

காமேசம் முதலில் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினார். ரிச்சர்ட் ஃபால்க் என்ற ஜெர்மானியப் பூஞ்சையியலாளரோடு சேர்ந்து ஆர்செனிக்கையும் டைகுரோமேட்டையும் கலந்த மருந்து ஒன்றை அவர் உருவாக்கினார். இருவர் பெயரையும் இணைத்து அதற்கு 'ஃபால்காமேசம்' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில், இந்திய ஆய்வாளர் ஒருவரின் பெயர் ஐரோப்பியப் பேராசிரியரின் பெயரோடு சரிபாதியாக ஒரு மருந்தில் நின்றது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஃபால்க் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகளை ஆராய்வதில் பேரறிஞர். யூதர் என்பதால் 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியைவிட்டு வெளியேற நேர்ந்தது.

ஆர்செனிக் பூச்சிகளையும், செம்புக்கு அடங்காத பூஞ்சைகளையும் ஒடுக்கும். செம்பு மற்ற பூஞ்சைகளை ஒடுக்கும். குரோமியம் இரண்டையும் மரத்தோடு பூட்டும். மூன்றையும் ஒரே கரைசலில் சேர்த்ததே காமேசத்தின் அடுத்த அடி. ஃபால்காமேசத்தின் ஆர்செனிக்கும் செல்க்யூரின் செம்பும் ஒரே குரோமியத்தைப் பகிர்ந்துகொண்டன என்று சொல்லலாம். பார்க்க எளிய கூட்டல். ஆனால் செம்பும் ஆர்செனிக்கும் கரைசலில் ஒன்றையொன்று சந்தித்தால் கரையாத வீழ்படிவாகத் தொட்டியிலேயே அடியில் தங்கிவிடக்கூடும். போதிய அமிலத்தன்மையும் சரியான விகிதமும் இருந்தால்தான் எல்லாம் கரைந்தே மரத்துக்குள் செல்லும். இந்தியத் தரநிர்ணயத்தில் இந்தக் கலவைக்கு இடம்பெற்ற விகிதம் ஆர்செனிக் பென்டாக்சைடு 1 பங்கு, மயில்துத்தம் 3 பங்கு, சோடியம் அல்லது பொட்டாசியம் டைகுரோமேட்டு 4 பங்கு. ஆஸ்குவுக்கு 1934-இல் பிரிட்டிஷ் காப்புரிமையும் 1938-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தன.

மரத்துக்குள் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உருளையிலிருந்து வெளியே எடுக்கும்போது பைன் கம்பம் டைகுரோமேட்டின் ஆரஞ்சு மஞ்சளில் நனைந்திருக்கும். மரத்தின் லிக்னினும் சர்க்கரைகளும் குரோமியத்தை ஆறிணைதிற நிலையிலிருந்து மூவிணைதிற நிலைக்கு இறக்குகின்றன. அமிலத்தன்மை குறைகிறது. குரோமியமும் ஆர்செனிக்கும் கரையாத சேர்மமாகப் படிகின்றன. செம்பு மரத்தின் நார்களோடு பிணைகிறது. நாளாக நாளாக மஞ்சள் மறைந்து சாம்பல் கலந்த பச்சை ஏறும். வெயில் காலத்தில் சில நாளிலும், குளிரில் சில வாரங்களிலும் இந்த மாற்றம் முடியும். மஞ்சள் கண்ணுக்குத் தெரிந்தால் மரம் இன்னும் பூட்டப்படவில்லை, கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்று பொருள்.

ஆலையில் வேலை ஒழுங்கு எளிது. உலர்ந்த மரத்தை உருளைக்குள் தள்ளிக் கதவை இறுக்கி, முதலில் காற்றை உறிஞ்சுவார்கள். மரத்தின் நுண்குழல்களில் இருக்கும் காற்று வெளியேறியதும் கரைசலை உள்ளே விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். மரம் இனி ஏற்காது என்ற நிலை வந்தபின் கரைசலை வடித்து, மீண்டும் சிறிது நேரம் உறிஞ்சினால் மேற்பரப்பில் சொட்டுவது நிற்கும். ஈரமரத்தில் இது எதுவும் பலிக்காது. தண்ணீர் ஏற்கெனவே இருக்கும் குழலில் மருந்து எப்படி நுழையும்? வைரத்திலும் நுழையாது. அதனால் இந்தத் தொழிலில் வெளிறுதான் விரும்பத்தக்க பகுதி. தச்சர் செதுக்கிக் கழிக்கும் பகுதியை ஆலைக்காரர் தேடுகிறார். மருந்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க, துளைகருவியால் பென்சில் தடிமனுள்ள ஒரு துண்டை எடுத்து அதன்மேல் குரோம் அசுரால் என்ற சாயத்தைத் தெளிப்பார்கள். செம்பு எட்டிய இடம் கருநீலமாகும், எட்டாத இடம் சிவப்பாகவோ வெளிறியோ இருக்கும். அந்த நீலக் கோட்டின் அகலம்தான் கம்பத்தின் ஆயுளைச் சொல்கிறது.

அமெரிக்காவில் இந்த மருந்தை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டது பெல் தொலைபேசி நிறுவனம். தெருவோரத்தில் நின்ற கிரியோசோட்டுக் கம்பங்கள் வெயிலில் கசிந்து மக்களின் ஆடையைக் கெடுத்ததால், சுத்தமான கம்பம் ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. 'கிரீன்சால்ட்' என்ற பெயரில் அங்கே ஆஸ்கு பரவியது. அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகம் மிசிசிப்பி மாநிலத்தில், ஈரமும் கறையானும் ஒருசேர நிறைந்த நிலத்தில், 1938 முதல் முளைக்குச்சிகளை நட்டுக் கவனித்தது. போதிய அளவு மருந்தேறிய குச்சிகள் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் சிதையாமல் நின்றன. மருந்தில்லாத அதே மரம் அங்கே சில ஆண்டுகூடத் தாங்கவில்லை.

சுவீடனில் கதை சுரங்கத்திலிருந்து தொடங்குகிறது. பொலிடன் என்னுமிடத்தில் 1924-இல் கண்டெடுத்த தாதுவில் தங்கமும் செம்பும் இருந்தன, கூடவே ஆர்செனிக்கும் பெருமளவில் இருந்தது. யாரும் வாங்காத அந்த ஆர்செனிக்கை என்ன செய்வது என்ற நெருக்கடி அந்த நிறுவனத்தை மரப் பாதுகாப்பு ஆய்வுக்குள் தள்ளியது. அங்கே உருவான 'கே-33' மருந்தில் உப்புகளுக்குப் பதில் ஆக்சைடுகள் இருந்தன. உப்புக் கலவையில் வினை முடிந்தபின் சோடியம் சல்பேட்டு எஞ்சி மரத்தின்மேல் வெண்பூச்சாகப் பூக்கும், மின்சாரம் கடத்துவதையும் கூட்டும். ஆக்சைடில் அந்தக் குறை இல்லை. காமேசத்தின் கலவைக்குப் பிற்காலத்தில் செய்யப்பட்ட உண்மையான முன்னேற்றம் இது ஒன்றே என்று சொன்னால் மிகையாகாது. அமெரிக்கத் தரநிர்ணயத்தில் ஏ, பி, சி என்ற மூன்று வகைகள் இடம்பெற்றன. நெடுநாள் நிலைத்த சி வகையில் குரோமியம் ஆக்சைடு 47.5, செம்பு ஆக்சைடு 18.5, ஆர்செனிக் பென்டாக்சைடு 34 விழுக்காடு இருந்தன.

பிரிட்டனில் மின்நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களுக்குள் நீர் வழிந்தோடும் மரச் சட்டங்கள் வழக்கமான பூஞ்சைகள் வளர முடியாத ஈரத்திலும் மெதுவாக மிருதுவாகின. மென்மக்கல் என்ற தனி வகை அழிவு 1950-களில் இப்படித்தான் அடையாளம் காணப்பட்டது. அதையும் தாங்கியது இந்த மருந்துதான். நியூசிலாந்தில் விரைந்து வளர்ந்தாலும் நிலைக்காத ரேடியாட்டா பைன் இந்த மருந்தால் வேலிக்காலாகவும் திராட்சைத் தோட்டக் கம்பமாகவும் ஆனது. 1970-களிலிருந்து 2003 வரை அமெரிக்க வீடுகளின் பின்புற மரத்தளங்களில் பெரும்பாலானவை இந்தப் பச்சைப் பலகையால் கட்டப்பட்டன. இந்தியாவில் மின்கம்பங்களுக்கும், குளிர்விப்புக் கோபுரங்களுக்கும், ஆந்திரக் கடற்கரையின் கட்டுமரங்களுக்கும் இது பயன்பட்டது. கப்பல்புழு நிறைந்த கடலில் இடும் மரத்துக்குத் தரையில் நிற்பதைவிடப் பல மடங்கு மருந்து தேவை. அமெரிக்க விதிகள் தரையில் நடும் மரத்துக்கு ஒரு கனமீட்டருக்கு 6.4 கிலோ கேட்டன. கடல்நீரில் நிற்பதற்கு 40 கிலோ.

ஆர்செனிக் நஞ்சு என்பது தொடக்கத்திலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பூட்டப்பட்ட ஆர்செனிக் வெளியே வராது என்ற நம்பிக்கையே மருந்துக்கு அடிப்படை. அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரி. ஆனால் முழுவதும் சரியல்ல. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மரத்தளங்களின் கீழிருந்த மண்ணை ஆராய்ந்தபோது, அருகிலுள்ள மண்ணைவிட அங்கே ஆர்செனிக் பன்மடங்கு அதிகமாக இருந்தது. விளையாட்டிடங்களில் குழந்தைகளின் கையில் ஒட்டும் அளவும் விவாதமானது. பழைய பலகையை எரித்தால் சாம்பலில் நச்சு குவியும், புகையிலும் ஆர்செனிக் போகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2002 பிப்ரவரியில் உற்பத்தியாளர்களோடு உடன்பாடு கண்டது. 2003 டிசம்பர் 31-க்குப் பிறகு வீட்டு உபயோக மரத்துக்கு இதை ஏற்றுவது அங்கே நின்றது. ஐரோப்பிய ஒன்றியமும் 2003-இல் ஆணை பிறப்பித்து 2004-இலிருந்து பயன்பாட்டைக் குறுக்கியது. ஆஸ்திரேலியாவில் 2006-இல் கட்டுப்பாடு வந்தது. அந்த இடத்துக்கு வந்த செம்பு மிகுந்த மருந்துகளில் குரோமியம் இல்லாததால் அவை இரும்பு ஆணிகளை விரைவாக அரித்தன. தச்சர்கள் துத்தநாகம் பூசிய ஆணிக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் மாற வேண்டியிருந்தது. வோல்மன் உப்புகளின் காலத்தில் டைகுரோமேட்டைச் சேர்த்த முதல் காரணம் இப்படித் திரும்பி வந்தது.

டேராடூன் நிறுவனமே ஆர்செனிக்கைத் தவிர்க்கும் வழியை அதற்கு முன்பே தேடியிருந்தது. ஆர்செனிக்குக்குப் பதிலாகப் போரிக் அமிலத்தைச் சேர்த்த செம்பு-குரோமியம்-போரிக் கலவை அங்கு உருவானது. அதில் போரிக் அமிலம் 1.5 பங்கு, மயில்துத்தம் 3 பங்கு, டைகுரோமேட்டு 4 பங்கு. காமேசத்தின் விகிதத்தின் எலும்புக்கூடு அதில் அப்படியே தெரிகிறது. போரான் பூட்டுப்படாமல் ஈரத்தில் மெதுவாகக் கசியும் என்பதால், தரையில் புதையும் மரத்தைவிடக் கூரை, கதவு, தட்டுமுட்டுச் சாமான்களுக்கே அது ஏற்றது. ரப்பர் மரத்தை அறுத்தவுடன் போரான் கரைசலில் நனைக்கும் வழக்கம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

அமெரிக்காவில் மின்கம்பங்கள், கடல் தூண்கள், பண்ணைக் கம்பங்கள் ஆகியவற்றுக்கு ஆஸ்குவின் வழித்தோன்றல் இன்றும் அனுமதிக்கப்பட்டுள்ளது. அங்கே இதற்கு இணையாக நம்பக்கூடிய மாற்று எளிதில் கிடைக்கவில்லை. 1970-களிலிருந்து நட்ட கம்பங்களும் மரத்தளங்களும் ஒவ்வொன்றாக ஆயுள் முடிந்து கழற்றப்படுகின்றன. எரிக்கக் கூடாத, மண்ணில் புதைத்தால் கசியக்கூடிய அந்த மரத்திலிருந்து செம்பையும் குரோமியத்தையும் ஆர்செனிக்கையும் பிரித்தெடுக்க அமிலத்தாலும், செம்பைத் தாங்கும் பூஞ்சைகளைப் பயன்படுத்தியும் ஆய்வுகள் நடக்கின்றன. காமேசம் 1933-இல் பூட்டிய பூட்டைத் திறப்பது எளிதாக இல்லை.